87539319: ஒரு பெரிய எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

எட்டுக் கோடியே எழுபத்தைந்து லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது. எண்ணியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது ரொம்பவே பழக்கமான எண். இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டி இதை மூன்று விதமாக எழுதலாம்:

167³ + 436³ = 46,57,463 + 8,28,81,856 = 8,75,39,319
228³ + 423³ = 1,18,52,352 + 7,56,86,967 = 8,75,39,319
255³ + 414³ = 1,65,81,375 + 7,09,57,944 = 8,75,39,319

இப்படி மூன்று விதமாக எழுத முடிகிற எண்களிலேயே மிகச் சிறியது இதுதான். 1957-இல் ஜான் லீச் இதைக் கண்டுபிடித்தார். இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் 1729. அதாவது 1³ + 12³, 9³ + 10³. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ராமானுஜனை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி பார்க்கப் போனபோது, வந்த டாக்ஸியின் எண் 1729 என்று சொல்ல, ராமானுஜன் உடனே இந்தப் பண்பைச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1657-இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபிரெனிக்ல் 1729-ஐப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனாலும் டாக்ஸி கதைதான் நிலைத்தது. இந்த வகை எண்களுக்கு டாக்ஸிகேப் எண்கள் என்றே பெயர் வந்துவிட்டது.

மூன்று சமன்பாடுகளையும் கணிப்பானில் போட்டுச் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் மூன்று வழி என்றால் மூன்றுதானா, நான்காவது எங்காவது ஒளிந்திருக்கிறதா? கனங்களோடு இவ்வளவு நெருக்கமான எண் வர்க்கங்களோடு எப்படி? இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காகிதம், பேனா, சாதாரண பத்து இலக்கக் கணிப்பான் போதும். இங்கே வரும் படிகளை வேறு எந்தப் பெரிய எண்ணுக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

படி 1: பகாக் காரணிகளாக உடையுங்கள்

எந்தப் பெரிய எண் கைக்கு வந்தாலும் முதல் வேலை இதுதான். இதைத் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியாக மெனக்கெட வேண்டிவரும். இதை முடித்துவிட்டால் மீதியெல்லாம் பெரும்பாலும் வரிசையாக வந்து விழும்.

முதலில் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். 9356² = 8,75,34,736; 9357² = 8,75,53,449. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆக, இது முழு வர்க்கம் இல்லை. பகு எண்ணாக இருந்தால் 9356-க்குள் ஒரு பகாக் காரணி கட்டாயம் இருக்கும். 9356-க்குள் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் போட்டுப் பார்க்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். ஒரு காரணி கிடைத்ததும் எண் சுருங்கும், தேட வேண்டிய எல்லையும் கூடவே சுருங்கும்.

கடைசி இலக்கம் 9. அதனால் 2, 5 இரண்டும் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 8+7+5+3+9+3+1+9 = 45. அது 9-ஆல் வகுபடுவதால் எண்ணும் 9-ஆல் வகுபடும். வகுத்தால் 97,26,591. இதன் இலக்கத் தொகை 39, ஆக இன்னொரு முறை 3-ஆல் வகுக்கலாம்: 32,42,197. இப்போது இலக்கத் தொகை 28, இனி 3 போகாது. கையில் 3³ வந்துவிட்டது.

அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்கும் வழி ஒன்று உண்டு. 7 × 11 × 13 = 1001 என்பதுதான் அதன் அடிப்படை. எண்ணை வலதுபக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 87 | 539 | 319. வலதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள்: 319 − 539 + 87 = −133. நம் எண்ணை 1001-ஆல் வகுத்தால் என்ன நடக்குமோ அதெல்லாம் இந்த −133-க்குள் அடங்கியிருக்கிறது. 133 = 7 × 19. ஆக 7 வகுக்கும். 11, 13 வகுக்காது. இங்கே ஓர் எச்சரிக்கை: 133-இல் 19 இருக்கிறதே, அப்போது 19-ஆலும் வகுபடுமா என்று தோன்றும். இந்தச் சோதனை 1001-இன் காரணிகளைப் பற்றி மட்டும்தான் பேசும். 19-ஐத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

32,42,197-ஐ 7-ஆல் வகுத்தால் 4,63,171. இதிலிருந்து நேரடி வகுத்தல்தான். 7-ஐ மறுபடி போட்டால் மீதி 2, 17 போட்டால் 6, 19 போட்டால் 8, 23 போட்டால் 20, 29 போட்டால் 12. 31 போட்டால் மீதியே இல்லை: 14,941.

எல்லை எப்படிச் சுருங்கியது பாருங்கள். 14,941-இன் வர்க்கமூலம் 122 சொச்சம்தான். மறுபடி 31-இலிருந்தே தொடங்கலாம். 31, 37 இரண்டுக்கும் மீதி 30, 41-க்கு 17, 43-க்கு 20, 47-க்கு 42, 53-க்கு 48, 59-க்கு 14, 61-க்கு 57. அடுத்து 67, மீதியின்றி 223 கிடைக்கிறது. 67-க்குக் குறைந்த எல்லாப் பகா எண்களையும் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம். 223-இன் வர்க்கமூலமோ 15-ஐக்கூடத் தொடவில்லை. எனவே 223 பகா எண்ணேதான், தனிச் சோதனை தேவையில்லை.

87539319 = 3³ × 7 × 31 × 67 × 223

திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 27 × 7 = 189; 189 × 31 = 5,859; 5,859 × 67 = 3,92,553; 3,92,553 × 223 = 8,75,39,319. இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிடாதீர்கள். இனி வரும் ஒவ்வொரு கணக்கும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கப்போகிறது.

படி 2: காரணிகளிலிருந்து உடனே கிடைப்பவை

இந்தப் பகுதி சட்டென்று முடிந்துவிடும்.

மொத்தம் எத்தனை வகுஎண்கள்? ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 4 × 2 × 2 × 2 × 2 = 64. வகுஎண்களின் கூட்டுத்தொகைக்கு (1+3+9+27) × (1+7) × (1+31) × (1+67) × (1+223) = 40 × 8 × 32 × 68 × 224 = 15,59,75,680. எண்ணையே கழித்துவிட்டால் மிஞ்சுவது 6,84,36,361. இது 87539319-ஐவிடக் குறைவு, அதனால் இது குறைவு எண் என்ற வகையில் சேரும். நிறை எண் இல்லை. 15,59,75,680-ஐ ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் எதிர்பாராத ஓர் இடத்தில் திரும்ப வரும்.

1 முதல் 87539319 வரை உள்ள எண்களில் இதோடு பொதுக் காரணி எதுவும் இல்லாதவை எத்தனை? 18 × 6 × 30 × 66 × 222 = 4,74,72,480. பாதிக்குக் கொஞ்சம் அதிகம், சுமார் 54 சதவீதம்.

ஒற்றைப்படை எண் என்பதாலும் முழு வர்க்கம் இல்லை என்பதாலும், 64 வகுஎண்கள் 32 ஜோடிகளாகின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வர்க்க வித்தியாசம் தரும். ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான ஜோடி 6913 × 12663. இரண்டின் சராசரி 9788, வித்தியாசத்தில் பாதி 2875. ஆக 9788² − 2875² = 9,58,04,944 − 82,65,625 = 8,75,39,319. அதே 64-இலிருந்து இன்னொன்றும் வரும். அடுத்தடுத்த மிகை முழு எண்களின் தொகையாக இதை 63 விதமாக எழுதலாம். மிக எளியது 4,37,69,659 + 4,37,69,660.

படி 3: வர்க்கங்களைக் கூட்டி எழுத முடியுமா?

கழித்தலில் 32 விதம் கிடைத்ததால் கூட்டலிலும் தாராளமாகக் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் இந்த எண் வேறு முகம் காட்டுகிறது.

எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் 0, 1, 2 வரலாம். 3 வரவே வராது. நம் எண்ணின் கடைசி இரு இலக்கம் 19. 4-ஆல் வகுத்தால் மீதி 3. கதை முடிந்தது: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியாது.

மூன்று வர்க்கங்கள்? இப்போது 8-ஆல் வகுத்துப் பாருங்கள். வர்க்கங்களுக்கு வரக்கூடிய மீதி 0, 1, 4 மட்டும். இவற்றில் மூன்றை எப்படிச் சேர்த்தாலும் 0 முதல் 6 வரை எல்லாம் கிடைக்கும், 7 மட்டும் கிடைக்காது. வேண்டுமானால் எழுதிப் பாருங்கள், பத்தே சேர்க்கைதான். நம் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 319. 8-ஆல் வகுத்தால் மீதி 7. மூன்று வர்க்கங்களும் போதாது!

எனக்கு இந்த எண்ணில் ரொம்பப் பிடித்த இடம் இது. இரண்டே கனங்களைக் கொண்டு மூன்று விதமாக எழுத முடிகிற எண்ணை, மூன்று வர்க்கங்களைக் கொண்டு ஒரு விதமாகக்கூட எழுத முடியவில்லை.

நான்கு வர்க்கங்கள் என்றால் எந்த எண்ணுக்கும் போதும் என்பது லக்ராஞ்சின் தேற்றம். அதைக் கையால் தேடுவதும் நல்ல பயிற்சி. மிகப் பெரிய வர்க்கமான 9356²-ஐக் கழித்தால் 4583 மிஞ்சும். அதுவும் 8-ஆல் வகுத்தால் மீதி 7. மூன்று வர்க்கங்களாகப் பிரியாது. ஒரு படி இறங்கி 9355² = 8,75,16,025 எடுத்தால் மிச்சம் 23,294. அதில் 152² = 23,104 போனால் 190. அது 2 × 5 × 19. 4-ஆல் வகுத்தால் 3 மீதி தரும் 19 ஒரே ஒருமுறை வருவதால் இரண்டு வர்க்கங்களாகப் பிரியாது. 151² = 22,801 போனால் 493. இது 484 + 9, அதாவது 22² + 3².

87539319 = 9355² + 151² + 22² + 3²

ஒன்று கிடைத்தது, மொத்தம் எத்தனை? ஒற்றைப்படை எண்ணாக இருந்தால், வகுஎண்களின் கூட்டுத்தொகையை 8-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும் என்று யாக்கோபி நிரூபித்திருக்கிறார். வரிசை மாறினாலும் குறி மாறினாலும் தனித்தனியாக எண்ண வேண்டும் என்பதுதான் நிபந்தனை. குறித்து வைத்த 15,59,75,680-ஐ எடுங்கள். எட்டால் பெருக்கினால் 1,24,78,05,440. மூன்று வர்க்கங்களுக்கு ஒன்றுகூட இல்லை. நான்காவது வர்க்கம் வந்ததும் நூற்று இருபத்துநான்கு கோடிக்கு மேல்!

படி 4: கனங்கள் மூன்று வழிதானா? நான்காவது உண்டா?

இதுதான் வேலையின் நடுநாயகம், கொஞ்சம் நிதானமாகப் போவோம். இரண்டு எண்களை அ, ஆ என்றும், அவற்றின் கூட்டுத்தொகையைத் த என்றும், 87539319-ஐ எ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த முற்றொருமை:

அ³ + ஆ³ = (அ + ஆ) × (அ² − அஆ + ஆ²)

அப்படியானால் த என்பது எ-இன் 64 வகுஎண்களில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். காரணிப்படுத்தியதன் முதல் லாபம் இது. ஏராளமான சாத்தியங்கள் 64-ஆகச் சுருங்கிவிட்டன.

அந்த 64-ஐ இன்னும் சுருக்கலாம். இரண்டாவது அடைப்புக்குறியின் மதிப்பு எ ÷ த. அதைத் த² − 3அஆ என்றும் எழுதலாம். அ, ஆ இரண்டும் மிகை எண்கள் என்பதால் அது த²-ஐவிடக் குறைவு. அதாவது த³, எ-ஐவிடப் பெரிது. இன்னொரு பக்கம், அ-வும் ஆ-வும் சமமாகும்போதுதான் அந்த மதிப்பு மிகக் குறைவாக, த²-இல் கால்வாசியாக இருக்கும். அதிலிருந்து த³ என்பது 4எ-ஐத் தாண்டாது என்று வருகிறது.

எண்களைப் போடுவோம். 444³ = 8,75,28,384, இது எ-க்குக் கொஞ்சம் கீழே. 4எ = 35,01,57,276; 705³ = 35,04,02,625, இது அதற்குக் கொஞ்சம் மேலே. ஆகவே த 445 முதல் 704 வரை மட்டுமே.

64 வகுஎண்களில் இந்த இடைவெளிக்குள் வருபவை எவை? 7 × 67 = 469. 9 × 67 = 603. 3 × 7 × 31 = 651. 3 × 223 = 669. இவ்வளவுதான். 27 × 7 = 189 ரொம்பச் சின்னது, 27 × 31 = 837 ரொம்பப் பெரிது; மற்றவையும் இப்படியே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடுகின்றன.

நான்கு வேட்பாளர்கள். ஒரு சின்ன உண்மையை வைத்து ஒன்றை நீக்கலாம். அ³ − அ = (அ−1) × அ × (அ+1). அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல், அதனால் எப்போதும் 6-ஆல் வகுபடும். எனவே அ³ + ஆ³-ஐயும் அ + ஆ-வையும் 6-ஆல் வகுத்தால் ஒரே மீதிதான் வரும். நம் எண் 3-ஆல் வகுபடுகிறது, ஆகத் த-வும் 3-ஆல் வகுபட வேண்டும். 469 வகுபடாது. போயிற்று.

மிஞ்சியவை மூன்று. ஒவ்வொன்றுக்கும் அஆ = (த² − எ÷த) ÷ 3 என்று பெருக்கலையும், (அ−ஆ)² = த² − 4அஆ என்று வித்தியாசத்தின் வர்க்கத்தையும் கண்டுபிடியுங்கள்.

த = 603: எ÷த = 1,45,173. த² = 3,63,609. வித்தியாசம் 2,18,436, மூன்றால் வகுத்தால் அஆ = 72,812. பிறகு 3,63,609 − 2,91,248 = 72,361 = 269². ஆக எண்கள் (603+269)÷2 = 436, (603−269)÷2 = 167.

த = 651: எ÷த = 1,34,469. த² = 4,23,801. அஆ = 96,444. அப்புறம் 4,23,801 − 3,85,776 = 38,025 = 195². எண்கள் 423, 228.

த = 669: எ÷த = 1,30,851. த² = 4,47,561. அஆ = 1,05,570. வித்தியாசத்தின் வர்க்கம் 25,281 = 159². எண்கள் 414, 255.

மூன்றும் முழு வர்க்கம்! வழக்கமாக இந்த இடத்தில்தான் வேட்பாளர்கள் உதிர்ந்துபோவார்கள். இங்கே தகுதியான மூவரும் தேறிவிட்டார்கள். கூடவே, நான்காவது வழி இல்லை என்பதும் நிரூபணமாகிவிட்டது, அதுவும் கையாலேயே.

மூன்று கூட்டுத்தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 603-இல் 67, 651-இல் 7-உம் 31-உம், 669-இல் 223. மூன்றைத் தவிர்த்த நான்கு பகா எண்களையும் மூன்று வழிகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் வந்தது மற்றொன்றில் வரவில்லை.

படி 5: இந்தப் பகா எண்கள் தற்செயலா?

7, 31, 67, 223 ஆகியவற்றை 3-ஆல் வகுத்துப் பாருங்கள். நான்கிலும் மீதி 1. இது தற்செயல் இல்லை.

அ² + அஆ + ஆ² என்ற வடிவத்தில் எழுத முடிகிற பகா எண்கள் எவை என்று கேட்டால் விடை மிகத் தெளிவானது: 3-ஐத் தவிர, 3-ஆல் வகுத்தால் 1 மீதி தருபவை மட்டும், அவை அத்தனையும். 7-க்கு 1, 2 போடுங்கள்: 1 + 2 + 4. 31-க்கு 1, 5: 1 + 5 + 25. 67-க்கு 2, 7: 4 + 14 + 49. 223-க்கு 6, 11: 36 + 66 + 121. கன முற்றொருமையின் இரண்டாவது பாதியான அ² − அஆ + ஆ² இதே குடும்பம், குறி மட்டும் வேறு. அ, ஆ இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லையென்றால், 3-ஆல் வகுத்து 2 மீதி வரும் எந்தப் பகா எண்ணும் இந்த வடிவத்தை வகுக்காது.

இதை நம் எண்ணில் பொருத்துவோம். 167, 436 இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. அவற்றின் இரண்டாவது பாதி 1,45,173 = 3 × 7 × 31 × 223. ஆக 7, 31, 223 மூன்றும் இந்தக் குடும்பமாகத்தான் இருந்தாக வேண்டும். 67 மட்டும் கூட்டுத்தொகைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதை இரண்டாவது வழி பிடித்துக் கொடுக்கிறது. 228, 423 இரண்டையும் 3-ஆல் வகுத்தால் 76, 141. பொதுக் காரணி ஒழிந்தது. 76² − 76×141 + 141² = 5,776 − 10,716 + 19,881 = 14,941. படி 1-இல் கடைசியாக மிஞ்சிய அதே எண், 67 × 223.

255, 414 ஜோடிக்கும் 3 பொதுக் காரணி. வகுத்தால் 85, 138. இதிலிருந்து ஓர் உபரி கிடைக்கிறது. 87539319-ஐ 27-ஆல் வகுத்தால் வரும் 32,42,197-ஐ 76³ + 141³ என்றும் 85³ + 138³ என்றும் எழுதலாம். 1729-ஐப் போல அதுவும் இருவழி எண். 167-உம் 436-உம் 3-ஆல் வகுபடாததால் மூன்றாவது வழி அதற்குக் கிடைக்கவில்லை. பெரிய எண் 27 மடங்கு ஆனதால்தான் மூன்றாவது வழியும் உள்ளே நுழைந்தது.

அதே நான்கு பகா எண்களை 4-ஆல் வகுத்தால் எல்லாவற்றிலும் மீதி 3. இரண்டையும் சேர்த்தால், 12-ஆல் வகுக்கும்போது நான்குமே 7 மீதி தருகின்றன. ஆனால் இந்த 4-ஆல் வகுக்கும் பண்புக்குக் கனங்கள் காரணம் இல்லை. 1729 = 7 × 13 × 19; அதில் 13-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே ‘மூன்றால் வகுத்தால் ஒன்று’ என்பதற்குக் காரணம் உண்டு. ‘நான்கால் வகுத்தால் மூன்று’ என்பது இந்த எண்ணுக்கு வாய்த்தது. பெரிய எண்களை அலசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம்.

படி 6: மிகச் சிறியது என்பதைச் சரிபார்த்தல்

மூன்று வழி உண்டு என்பதையும் நான்கு இல்லை என்பதையும் கையால் காட்டிவிட்டோம். இதைவிடச் சிறிய மூன்று வழி எண் இல்லை என்பதற்குக் கணினியைக் கூப்பிடுவதே நல்லது. எ-இன் கனமூலம் 444 சொச்சம் என்பதால் 1 முதல் 444 வரை உள்ள எண்கள் போதும். ஜோடிகள் அதிகபட்சம் 444 × 445 ÷ 2 = 98,790. ஒவ்வொரு ஜோடியின் கனத் தொகையையும் எழுதி, வரிசைப்படுத்தி, ஒரே மதிப்பு மூன்று முறை வரும் முதல் இடத்தைப் பாருங்கள். எந்த மடிக்கணினியும் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும்.

‘மிகை முழு எண்கள்’ என்ற நிபந்தனையை மட்டும் மறந்துவிடக் கூடாது. கனங்களைக் கழிக்கவும் அனுமதித்தால் 728 போதும்: 6³ + 8³, 9³ − 1³, 12³ − 10³. இந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு எழுதினால் சொல்வது தவறாகிவிடும்.

படி 7: தலைகீழியின் தசமம்

1 ÷ 87539319 = 0.0000000114… என்று தொடங்கும். எண்ணில் 2, 5 காரணிகள் இல்லாததால் தசமப் புள்ளியிலிருந்தே சுழற்சி ஆரம்பித்துவிடும். சுழற்சி எவ்வளவு நீளம்? வகுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. ஒவ்வொரு காரணிக்கும் தனியே பார்த்து மீச்சிறு பொது மடங்கு எடுத்தால் போதும்.

27-க்கு 3 (999 = 27 × 37 என்பதால்), 7-க்கு 6, 31-க்கு 15, 67-க்கு 33, 223-க்கு 222. இவற்றின் மீ.சி.ம. 2 × 3 × 5 × 11 × 37 = 12,210. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட எண்ணுக்கு வெறும் 12,210 இலக்கத்தில் சுழற்சி முடிந்துவிடுகிறது. சின்னச் சின்னக் காரணிகளாக உடைவதன் விளைவுதான் இதுவும். 7-க்கும் 223-க்கும் மட்டும் அதிகபட்ச நீளமான 6-உம் 222-உம் முழுதாக வருகின்றன என்பதைக் கவனியுங்கள்.

இலக்கங்களைப் பற்றி

இலக்கத் தொகை 45. கடைசி இலக்கம் 9 என்பதால் 45-ஆல் வகுபடாது. இரும முறையில் எழுதினால் 101001101111011111001110111, மொத்தம் 27 இலக்கம், அதில் 19 ஒன்றுகள். இதற்குமேல் இலக்க விளையாட்டுகளில் நேரம் செலவிட மாட்டேன். இவையெல்லாம் எழுதும் முறையின் பண்புகள். பத்தின் அடிமானத்துக்குப் பதிலாக வேறு ஒன்றில் எழுதினால் மாறிவிடும். 3³ × 7 × 31 × 67 × 223 எந்த அடிமானத்திலும் மாறாது.

அடுத்த எண்ணுக்குப் போகும்போது

எத்தனை வழி கேட்டாலும் அத்தனை வழி உள்ள எண் ஒன்று உண்டு என்று ஹார்டியும் ரைட்டும் நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அவற்றில் மிகச் சிறியதைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. நான்கு வழிக்கான மிகச் சிறிய எண் 6963472309248. மேலே சொன்ன படிகளை அப்படியே இதில் செய்து பார்க்கலாம். விரிதாளில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எக்செல் போன்றவை 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் வைத்துக்கொள்ளாது, கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் பூச்சியமாகிவிடும். இந்த எண் 13 இலக்கம், தப்பித்துவிடும். இதன் வர்க்கம் தப்பிக்காது. பைத்தான் போன்ற மொழியில் அந்தக் கவலை இல்லை.

காரணிகள்: 2¹⁰ × 3³ × 7 × 13 × 19 × 31 × 37 × 127. இரண்டையும் மூன்றையும் விட்டுவிட்டு மற்றவற்றை 3-ஆல் வகுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் மீதி 1. நான்கு வழிகளில் ஒன்று 2421³ + 19083³, கூட்டுத்தொகை 21,504. மற்ற மூன்றின் கூட்டுத்தொகைகள் 24,384, 28,272, 29,952. இவற்றிலிருந்து எண்களை மீட்டெடுக்கும் வேலை உங்களுடையது. படி 4-இன் இரண்டு சூத்திரங்களும் போதும்.

வர்க்கங்களையும் பார்த்துவிடுங்கள். இது இரட்டைப்படை என்பதால் 8-ஆல் நேரே வகுத்தால் ஒன்றும் தெரியாது. ஓர் எண் 4-ஆல் வகுபட்டு, மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவும் இருந்தால், அந்த மூன்றுமே இரட்டைப்படை எண்களின் வர்க்கங்களாகத்தான் இருக்கும். அதனால் 4-ஆல் வகுத்த எண்ணும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாகும். இப்படி ஐந்து முறை 4-ஆல் வகுத்தால் 6800265927 மிஞ்சும். கடைசி மூன்று இலக்கம் 927, 8-ஆல் வகுத்தால் மீதி 7. நான்கு வழியில் கனங்களாகப் பிரியும் இந்த எண்ணும் மூன்று வர்க்கங்களாகப் பிரியாது.